பின்கட்டில் இரண்டு கறவை ஆடு: வாங்குவது முதல் வற்றவிடுவது வரை

செட்டிநாட்டுப் பக்கம் ஆடு இல்லாத தெரு கிடையாது. ஆனால் ஆட்டைக் கறக்கும் வீடு எது என்று தேடினால் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆடு என்றாலே கறிக்கும் நேர்த்திக்கடனுக்கும்தான் என்று பழகிவிட்டோம். பள்ளத்தூர்ப் பக்கம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆறு வருடமாக இரண்டு பெட்டை ஆடு வைத்துக் கறக்கிறேன். பால் பாக்கெட் வாங்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டோம். கேட்பவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். ஆட்டுப்பால் என்பது குட்டி குடித்தது போக மிச்சம். எந்த ஆடு வாங்குவது, எந்த மாதம் கிடாய்க்கு விடுவது, எத்தனை மணிக்குக் கறப்பது எல்லாமே அதிலிருந்துதான் வரும். அதை மறந்து, மாட்டைக் கறப்பதுபோல முதல் வாரத்திலிருந்தே ஒட்டக் கறந்தவர்கள் குட்டியையும் இழந்து பாலையும் இழந்ததை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆடு வாங்குவது

தென்மாவட்டங்களின் கன்னி ஆடும் கொடி ஆடும் வெயிலைத் தாங்கும், இரட்டைக் குட்டி போடும். ஆனால் அவை கறி ஆடுகள். குட்டைக் கால் உள்ள பள்ளை ஆடும் அப்படியே. குட்டிகள் குடித்தது போக இவற்றிடம் கால் லிட்டர், அரை லிட்டர் கிடைத்தால் பெரிது. வீட்டுப் பாலுக்கு என் தேர்வு தலைச்சேரி ஆடு, அல்லது தலைச்சேரிக்கும் நாட்டு ஆட்டுக்கும் பிறந்த கலப்பு. மலபாரி என்பதும் இதைத்தான். நல்ல தீனி கொடுத்தால் கறவை உச்சத்தில் இருக்கும்போது ஒரு லிட்டருக்கு மேல் சுரக்கும். இடம் மிகவும் குறைவு என்றால் பார்பாரி பார்க்கலாம். சின்ன உடம்பு, கட்டிப்போட்டு வளர்த்தாலும் சோர்ந்துபோகாது. ஜமுனாபாரி கறவைக்குப் பேர் போனதுதான். ஆனால் அந்த உயரத்துக்கும் எடைக்கும் தீனி போட்டு மாளாது, பின்கட்டுக்கு வேண்டாம்.

சந்தையில் வாங்காதீர்கள். திருப்புவனம் செவ்வாய்ச் சந்தை மாதிரி பெரிய சந்தைகளில் ஆடு நிறைய வரும், ஆனால் அது கறி வியாபாரத்துக்கான இடம். பத்து ஊர் ஆடு ஒரே இடத்தில் நிற்கும்போது பத்து ஊர் நோயும் சேர்ந்து நிற்கிறது. கறக்கிற வீட்டிலோ பண்ணையிலோ போய், அவர்கள் கறக்கும் நேரத்துக்கே போய், கண் முன்னால் கறக்கச் சொல்லி வாங்குங்கள்.

வாயைத் திறந்து கீழ்வரிசைப் பல்லைப் பாருங்கள். பால் பல் விழுந்து இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் வயது ஒன்றைத் தாண்டிவிட்டது, நான்கு பல் என்றால் இரண்டு வயதை ஒட்டி, எட்டும் போட்டுக் கடை சேர்ந்திருந்தால் நான்கு வயதுப் பக்கம். முதன்முறை வளர்ப்பவர்களுக்கு நான்கு பல், இரண்டாம் ஈத்து ஆடுதான் சரி. அதற்குக் கறவை பழகியிருக்கும். உங்களுக்கு அது கற்றுக்கொடுக்கும். மடி கறப்பதற்கு முன் நிறைந்தும் கறந்த பின் பை மாதிரி சுருங்கியும் இருக்க வேண்டும். கறந்த பின்னும் கெட்டியாக நின்றால் அது சதை, பால் அல்ல. பக்கத்து வீட்டு ஆச்சி என்னிடம் சொன்னது இதுதான்: “மடியை ரெண்டு கையாலயும் பிசைஞ்சு பாரு ஆத்தா, உள்ள கட்டி உருண்டுச்சுன்னா எந்திரிச்சு வந்துரு.”

ஒற்றை ஆடு வாங்க வேண்டாம். தனியாக இருக்கும் ஆடு நாள் முழுக்கக் கத்தும், தீனி எடுக்காது. இரண்டு வாங்குங்கள். கிடாய் வேண்டாம்; அதன் வாடை பாலில் ஏறும், பக்கத்து வீட்டோடு சண்டையும் வரும்.

கொட்டில்

ஒரு பெரிய ஆட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர அடி, குட்டிக்கு நான்கைந்து சதுர அடி போதும். எட்டடிக்கு ஆறடி கொட்டிலில் இரண்டு ஆடும் குட்டிகளும் தாராளமாக இருக்கும். பழைய வீட்டின் பின்கட்டில் பட்டியக்கல் பாவிய தாழ்வாரம் சும்மா கிடக்கிறதே என்று அதில் கட்டிவிடாதீர்கள். மூத்திரம் பட்டால் கல் வழுக்கும், செனை ஆடு சறுக்கி விழுந்தால் குட்டி நிற்காது. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் பலகைச் சட்டம் அடித்து, சட்டத்துக்குச் சட்டம் ஒரு விரல் இடைவெளி விட்டால் புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும். அதற்கு மேல் இடைவெளி விட்டால் குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும். நீள வாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். மேலே கீற்றோ பனை ஓலையோ போட்டால் சித்திரை வெயிலுக்குத் தகரத்தைவிட ஆயிரம் மடங்கு நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் சாக்குப் படுதா. இரவில் கதவு கட்டாயம். தெருநாய்கள் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் முடித்துவிடும்.

தீனி

செட்டிநாட்டுச் செம்மண்ணில் புல் நிற்காது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆட்டுக்குப் புல் இரண்டாம்பட்சம்தான். அது தலையைத் தூக்கித் தழையைக் கடிக்கிற பிராணி. தழை மரம் நம் மண்ணில் நன்றாகவே வரும். வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் இருந்தாலும் வேலி ஓரமாக அகத்தியும் கிளைரிசிடியாவும் வையுங்கள், நடுவில் வேலிமசால் என்ற தீவனப் பயிரை விதையுங்கள். வேலிமசால் விதையின் தோல் கடினம். கொதித்து இறக்கிச் சற்று ஆறிய வெந்நீரில் நாலைந்து நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து விதைத்தால்தான் முளைக்கும். இது தெரியாமல் முதல் தடவை ஒரு படி விதையை வீணாக்கினேன். முதல் அறுவடை மூன்று மாதத்தில், பிறகு நாற்பது நாளுக்கு ஒரு தரம். செட்டிநாடு ஊரிலேயே அரசு கால்நடைப் பண்ணையும் வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. தீவனப் பயிர் பற்றி அங்கே நேரில் போய்க் கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

ஒரு கறவை ஆட்டுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று முதல் நான்கு கிலோ பசுந்தழை, அரைக் கிலோ காய்ந்த கடலைக்கொடி அல்லது உளுந்துப் பொட்டு. தழையைத் தரையில் போடாமல் கொத்தாகக் கட்டி ஆட்டின் தலை உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். காலில் மிதிபட்ட தழையை ஆடு முகர்ந்துகூடப் பார்க்காது. சவுண்டல் (சூபாபுல்) தழை நல்லதுதான், ஆனால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முடி கொட்டும். கோடையில் வேறு வழி இல்லாதபோது கண்மாய்க்கரையில் உதிர்ந்து கிடக்கும் சீமைக்கருவேலங்காய் கைகொடுக்கும். பழுத்து மஞ்சளான காயை இடித்து ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி. முழுசாகக் கொடுத்தால் விதை அப்படியே புழுக்கையில் வந்து உங்கள் தோட்டத்திலேயே முளைக்கும்.

அடர்தீவனம் கடையில் வாங்கலாம். நான் வீட்டிலேயே கலக்கிறேன். பத்துக் கிலோவுக்கு என் கணக்கு இது:

உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 4 கிலோ
கடலைப் புண்ணாக்கு 2½ கிலோ
தவிடு 3 கிலோ 200 கிராம்
தாது உப்புக் கலவை 200 கிராம்
சாப்பாட்டு உப்பு 100 கிராம்

தவிடு புதுவயல் அரிசி ஆலைகளில் புதிதாகவே கிடைக்கும். பழைய தவிடு காறல் அடிக்கும். புண்ணாக்கில் பூஞ்சணம் தெரிந்தால் தூர எறியுங்கள், காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த நஞ்சு பாலில் இறங்கி நம் பிள்ளைகளுக்கு வரும். கறக்காத ஆட்டுக்குத் தினம் 200 கிராம் போதும். கறவை ஆட்டுக்கு அதோடு, கறக்கும் ஒவ்வொரு அரை லிட்டருக்கும் இன்னொரு 200 கிராம். ஆடு சுண்ணாம்புச் சுவரை நக்க ஆரம்பித்தால் உப்பும் தாதும் போதவில்லை என்று அர்த்தம். எங்கள் பின்சுவரில் நக்கி நக்கிக் குழி விழுந்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது.

செய்யக் கூடாததும் இருக்கிறது. பூசைக்கென்று பல வீட்டில் அரளி வைத்திருப்போம்; நாலு இலை போதும், ஆடு போய்விடும். இளஞ்சோளப் பயிரும் அப்படி. எல்லாவற்றையும்விடப் பெரிய எமன் சோறு. ஒரு முகூர்த்தத்தன்று பக்கத்துக் கல்யாண வீட்டிலிருந்து பிரியமாக ஒரு அண்டா சோற்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் சமையல்கட்டில் இருந்தேன். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வயிறு முட்டத் தின்றுவிட்டது. சாயங்காலம் அசை போடவில்லை. இடது வயிறு உள்ளே தண்ணீர் நிறைந்த தோல்பை மாதிரி தளும்பியது, பல்லை நறநறவென்று கடித்தபடி படுத்தது. விடிவதற்குள் போய்விட்டது. சோறு வயிற்றில் போய்ப் புளித்து அமிலமாகிறது, அதுதான் கொல்கிறது. சோறு, மாவு, ஊறவைத்த அரிசி எதையும் ஆட்டுக்கு எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள். தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் அந்த நிமிடமே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கால்நடை அவசர ஊர்திக்கு எண் 1962.

எந்த மாதம் கிடாய்க்கு விடுவது

செனைக்காலம் ஐந்து மாதம், நாள் கணக்கில் 150. இதை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிறந்த குட்டி சளி பிடித்தே பாதி போகும். தை பிறந்து பிறக்கும் குட்டிக்கு வெயிலும் இதம், மழை முடிந்து தழையும் செழித்திருக்கும். அதற்கு ஆவணியில் கிடாய்க்கு விட வேண்டும். இரண்டாவது ஆட்டை மாசியில் விட்டால் ஆடியில் குட்டி போடும். ஆக ஒன்று வற்றும்போது இன்னொன்று கறக்கும், வருடம் முழுக்க வீட்டில் பால் இருக்கும். இரண்டும் சேர்ந்தாற்போல் குட்டி போட்டால் சில மாதம் பால் வழியும், பிறகு ஒன்றும் இருக்காது.

பருவத்துக்கு வந்த ஆடு காரணமில்லாமல் கத்தும், வாலை விடாமல் ஆட்டும், அடிக்கடி மூத்திரம் பெய்யும். அது ஒன்று, ஒன்றரை நாள்தான் இருக்கும். தவறினால் மூன்று வாரம் கழித்து மறுபடி வரும். கிடாய் வேறு தெருவில், வேறு வீட்டு ரத்தமாக இருக்கட்டும். விட்ட தேதியை நாள்காட்டியிலேயே குறித்துவையுங்கள். முதல் குட்டிக்குப் பெட்டை ஒரு வயதாவது நெருங்கட்டும்.

குட்டி போடும் நாள்

மடி பளபளவென்று இறங்கி, வால் அடியில் இருபுறமும் குழி விழுந்து, ஆடு காலால் தரையைப் பறண்டினால் அன்றோ மறுநாளோதான். வைக்கோல் பரப்பி விட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பெரும்பாலும் நம் கை தேவைப்படாது. தண்ணீர்க்குடம் உடைந்து ஒரு மணி நேரம் முக்கியும் குட்டி வரவில்லை என்றால் மருத்துவர் வேண்டும். குட்டி விழுந்ததும் மூக்கு, வாய்ச் சளியைத் துடைத்துத் தாயின் முகத்தருகே போடுங்கள். நக்குவது தாயின் வேலை. தொப்புள்கொடியை இரண்டு விரல் நீளம் விட்டு நூலால் கட்டி, வெட்டி, அயோடின் தொட்டுவையுங்கள். இளங்கொடி (நஞ்சுக்கொடி) சில மணி நேரத்தில் தானாக விழும். பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் விழாவிட்டால் இழுக்காதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சீம்பால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் குட்டியின் வயிற்றுக்குள் போயாக வேண்டும். நோயைத் தாங்கும் சக்தி அதில்தான் வருகிறது. ஆட்டுச் சீம்பாலில் திரட்டுப்பால் கிண்ட வேண்டும் என்று வீட்டில் யாராவது ஆசைப்பட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். முதல் ஐந்து நாள் ஒரு சொட்டும் நமக்குக் கிடையாது.

கறவை

மூன்றாவது வாரம் வரை குட்டிகள் தாயோடே இருக்கட்டும். அதன் பிறகு இரவு எட்டு மணிக்குக் குட்டிகளைப் பக்கத்துத் தடுப்பில் அடையுங்கள். தாய் கண்ணில் பட வேண்டும், மடி எட்டக் கூடாது. காலை ஆறு மணிக்குக் கறந்துவிட்டுக் குட்டிகளை அவிழ்த்துவிட்டால் பகல் முழுக்க அவற்றின் பங்கு. ஒரு வேளைக் கறவை போதும். இந்த முறையில் எங்கள் இரண்டு ஆட்டில் கறவையில் இருக்கும் ஒன்று, உச்ச மாதங்களில் காலையில் முக்கால் லிட்டர் வரை கொடுக்கிறது. வாரம் ஒரு முறை குட்டியைத் தராசில் போட்டுப் பாருங்கள். எடை ஏறாமல் நின்றால் மறுநாள் காலைப் பாலும் குட்டிக்குத்தான்.

நேரம் தவறக் கூடாது. ஆறு மணி என்று பழக்கினால் ஐந்தே முக்காலுக்கே மடி இறங்க ஆரம்பித்துவிடும். ஒரு நாள் ஐந்து, மறுநாள் எட்டு என்று கறந்தால் ஒரே மாதத்தில் பால் பாதியாகும்.

பழைய பெஞ்சை ஒன்றரை அடி உயரத்துக்கு அறுத்து மேடையாக்கிக்கொள்ளுங்கள். முன்னால் தீவனச் சட்டி, கழுத்துக்கு ஒரு கயிறு. சட்டியைக் கண்டதும் ஆடு தானாக ஏறி நிற்கப் பழகிவிடும். மடியைச் சுற்றியுள்ள முடியைக் கத்தரித்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் மடியைத் துடைத்து, இன்னொரு துணியால் ஈரம் போக ஒற்றுங்கள். பிறகு இரண்டு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டு, வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள். பால் துணி வழியாக வழுவழுவென்று இறங்கிவிட்டால் நல்லது. துணியின் மேல் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப் பொடி தங்கினாலோ, நூல் நூலாக நின்றாலோ மடிநோய் தொடங்கிவிட்டது. வெறும் கண்ணுக்குப் பால் சுத்தமாகத் தெரிந்த நாளில்கூடக் கறுப்புத் துணி எனக்கு இரண்டு தடவை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது. அந்த முதல் பாலைக் கொட்டிவிட வேண்டும், அதில் கிருமி அதிகம்.

கறக்கும் விதம்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து காம்பு மடியோடு சேருமிடத்தில் வளையம் போட வேண்டும். வளையம் இறுகியதும் காம்புக்குள் இறங்கிய பால் மேலே திரும்பப் போக முடியாது. அடுத்து நடுவிரல், மோதிர விரல் என்று மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மூடுங்கள், பால் பீச்சும். பிடியைத் தளர்த்துங்கள், காம்பு மறுபடி நிறையும். காம்பு சின்னதாக இருந்தால் இரண்டு விரல்தான் கொள்ளும், பரவாயில்லை. கீழே இழுக்கக் கூடாது. கட்டைவிரலை மடக்கி முட்டியால் நசுக்குவது இங்கே பலருக்கும் வழக்கம். காம்பின் உள்பக்கம் புண்ணாகி அதுவே மடிநோய்க்கு வழி விடும். கையில் பாலையோ எண்ணெயையோ தொட்டுக்கொண்டு கறப்பதும் வேண்டாம், கை உலர்ந்தே இருக்கட்டும். மடி இறங்கியபின் ஐந்தாறு நிமிடம்தான் பால் தாராளமாக வரும், அதற்குள் முடியுங்கள். கடைசிச் சொட்டுவரை ஒட்டக் கறக்க வேண்டியதில்லை. அதுதான் அவிழ்த்தவுடன் ஓடிவரும் குட்டியின் முதல் வாய்.

கறந்ததும் காம்பைப் போவிடோன் அயோடின் கரைசலில் தொட்டு எடுங்கள். குட்டியை அவிழ்க்கும் முன் ஈரத் துணியால் அதைத் துடைத்துவிட வேண்டும். குட்டி குடித்து முடித்ததும் தழையைக் கட்டித் தொங்கவிட்டால் ஆடு அரை மணி நேரம் நின்றபடியே தின்னும். அதற்குள் காம்பின் துளை மூடிக்கொள்ளும். உடனே படுத்தால் திறந்த துளை வழியாக அழுக்கு ஏறும்.

பால்

வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி உடனே காய்ச்சுங்கள். பச்சையாக யாரும் குடிக்க வேண்டாம்; செனையைக் கலைக்கும் கன்றுவீச்சு நோயின் (புரூசெல்லோசிஸ்) கிருமி ஆட்டுப்பாலிலும் வரும். ஆட்டுப்பால் நாறும் என்பது பாத்திரம், நேரம், கிடாய் மூன்றின் குற்றம். எவர்சில்வர் பாத்திரம், உடனே காய்ச்சுவது, கிடாயைத் தள்ளி வைப்பது, வாடை அடிக்கும் தழையைக் கறந்த பிறகு கொடுப்பது, இவ்வளவும் செய்தால் வந்த விருந்தாளிக்குக் காப்பியில் வித்தியாசம் தெரியாது. நிறம் பசும்பாலைவிட வெள்ளையாக இருக்கும். கொழுப்புத் துளி சின்னது என்பதால் ஏடு லேசாகத்தான் கட்டும், தயிரும் இளகலாகத் தோயும். பால் பணியாரத்துக்கு எனக்கு இதுதான் பிடிக்கிறது.

ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்காதீர்கள். இதில் போலிக் அமிலம் மிகக் குறைவு, ரத்தசோகை வரும். பசும்பால் ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. மருத்துவரைக் கேட்காமல் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

நோய்

ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி மூன்று மாதம் தாண்டிய குட்டிக்கு. குடலில் நஞ்சு ஏறித் திடீரென்று கொல்லும் துள்ளுமாரி நோய்க்கு வருடம் ஒரு முறை, மழைக்கு முன். இரண்டும் கால்நடை மருந்தகத்தில் போடுவார்கள். குடற்புழு மருந்து மழைக்கு முன்னும் பின்னும். செனையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுத்தால் குட்டி ஊனமாகலாம், அதனால் கிடாய்க்கு விட்ட தேதியை மருத்துவரிடம் சொல்லியே மருந்து வாங்குங்கள். எந்த மருந்து கொடுத்தாலும் எத்தனை நாள் பாலைக் குடிக்கக் கூடாது என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, உள்ளே வெளுத்திருந்தால் புழு ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வற்றவிடுவது

ஐந்தாறு மாதம் கறந்தபின், அதற்குள் மறுபடி செனையாகியிருந்தால் குட்டி போடுவதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே கறவையை நிறுத்துங்கள். அடர்தீவனத்தை ஒரு வாரம் 200 கிராமுக்கு இறக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கறந்து, பிறகு இரண்டு நாள் விட்டு ஒரு நாள் கறந்து, அப்புறம் விட்டுவிடலாம். மடி இரண்டு மூன்று நாள் கனத்துத் தொங்கும். பாவமாக இருக்கிறதே என்று கை வைத்தால் மறுபடி சுரக்கும். சூடில்லாமல், வலியில்லாமல் மென்மையாக இருந்தால் தானாக உள்வாங்கிவிடும். சிவந்து சுட்டால் மட்டும் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கடைசி மாதம் அடர்தீவனத்தை 300 கிராமுக்கு ஏற்றுங்கள்; உள்ளே குட்டி வளர்வது அப்போதுதான். அந்த இரண்டு மாதமும் காலை ஆறு மணிக்கு ஆடு பழக்கத்தில் மேடையில் ஏறி நிற்கும். ஒரு கைப்பிடி தழையைக் கொடுத்து இறக்கிவிடுங்கள்.